கடைசி வரி

தலவாக்கலை, பிராந்திய அலுவலகம், இரண்டாம் மாடி.
கம்பெனியின் உள்ளக வலைப்பக்கத்தில்
அறிவித்தல்களை ஏற்றுவது என் வேலை.
ஜன்னலுக்குக் கீழே நீர்த்தேக்கம்,
பனி விலகாமல், இன்னும் திறக்காத பக்கம்.

முதலில் சிங்களம், அடுத்தது ஆங்கிலம்,
மிஞ்சிய இடத்தில் தமிழ்.
மூன்றுக்கும் ஒரே அகலத்தில் பெட்டி அடித்திருக்கிறார்
கொழும்பில் யாரோ, தமிழ் தெரியாத நல்லவர்.
'கொழுந்துபறிப்பாளர்களுக்கான' என்ற சொல்
பெட்டிச் சுவரில் முட்டி
பாதி உடம்போடு அடுத்த வரியில் விழுகிறது.
பத்துக்குப் பன்னிரண்டு காம்பிராவில்
ஏழு பேராய்ப் படுத்து எழும்பியவன் நான்.
எழுத்தளவைப் பதினான்கிலிருந்து பன்னிரண்டாக்கினேன்.
அடங்கியது.

தோட்டத்து ஆபீஸ்களிலிருந்து வருவதெல்லாம் பாமினி.
ஒட்டினால்
ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் குழைந்த கஞ்சி.
மாற்றியில் போட்டு எடுத்தால்
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.
மெய்யைத் தொலைத்த ஒற்றைக் கொம்பு
புள்ளி வட்டமொன்றின் தோளில் சாய்ந்து நிற்கும்.
ஒவ்வொன்றுக்கும் தேடி உடம்பு கொடுப்பேன்.
எழுத்தின் நடுவே கோடு இழுக்கவும் ஒரு பொத்தான் உண்டு.
அதை மட்டும் தொடுவதில்லை.
பேர் வெட்டுவது என்றால்
மலையில் அது வேறு விஷயம்.

மாசியில் ஒரு வெள்ளி, மூன்றரை மணிக்கு
வீரக்கோன் வந்து மேசையோரம் நின்றார்.
தலைப்பு பெரிசா, பச்சையில்: புதிய ஊக்கத்தொகை.
கீழே படம், கூடையோடு சிரிக்கிற முகம்.
பதினெட்டுக் கிலோவுக்குக் குறைந்தால் அரைப்பேர் என்ற
கடைசி வரி மட்டும்
சின்னதாய், சாம்பல் நிறத்தில்.
'டிசைனுக்கு அதுதான் அழகு' என்றார்.
அழகாகத்தான் இருந்தது.

அரைப்பேர் என்றால் என்னவென்று
கொழும்பிலிருந்து கேட்டு எழுதினார்கள்.
அரை நாள் சம்பளம் என்று பதில் போட்டேன்.
அதற்கு மேல் எழுதவில்லை.
ஒரு நாள் உழைத்தால் ஒரு பேர் விழும் எங்களுக்கு.
அம்மா முத்துராக்காயி
கொழுந்து காய்ந்த வெயில் மாதங்களில்
பல நாள் முத்து மட்டுமாய்
வீடு வந்து சேர்ந்தாள்.

அந்தப் பக்கத்தைத் திறக்க
நாற்பத்தொரு பேரிடம் பாஸ்வேர்ட் இருக்கிறது.
அதில் ஒருவரும் கொழுந்து பறிப்பதில்லை.
பறிப்பவர்களுக்கு அது தாளாய்ப் போகும்,
மேமலை டிவிஷன் பிரிண்டரில் ஏறி
பிரட்டுக்களத்துப் பலகைக்கு.
அந்த பிரிண்டரில் மை முடிந்துகொண்டிருந்ததை
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

சம்பளத்துக்கு மறுநாள் தொலைபேசி.
மூன்றாம் நம்பர் மலை, யோகமலர்.
'ஒம்பது நாளுக்கு அரைப்பேர் விழுந்திருக்கு சார்.
பலகையில இருந்த தாளைக் கழட்டி
கையில வச்சிக்கிட்டுத்தான் பேசுறேன்.
அப்படி ஒண்ணும் இதுல இல்லையே.
சிரிக்கிற பொம்பள மட்டுந்தான் இருக்கா.'
நான் திரையைப் பார்த்தேன்.
'இருக்கு' என்றேன்.
'எங்க?'
'கடைசியில.'
'கடைசியில வெள்ளையா இருக்கு சார்.'

அந்திக்கு எல்லோரும் ஹட்டன் பஸ்ஸுக்கு ஓடியபின்
'திருத்து' என்பதை அமுக்கினேன்.
அந்த வரியின் மேல் இழுத்தேன்,
நீலம் பூசி விழித்துக்கொண்டது.
கறுப்பு. பதினாறு. தடித்த எழுத்து.
பிறகு அதை வெட்டி
தலைப்புக்கு நேர் கீழே ஒட்டினேன்,
சிரிக்கிற முகத்துக்கு மேலே.
ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு புள்ளி குறைக்கவில்லை.
சொற்கள் எல்லாம் கம்பெனியுடையவை.
யோகமலரின் ஒன்பது அரை நாளை
இது திருப்பித் தரப் போவதுமில்லை.
திங்கட்கிழமை வீரக்கோன் வருவார்,
அழகு எங்கே என்று கேட்பார்.

சேமித்தேன்.
நான் தட்டாமலே
பக்கத்தின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி
தன்னை எழுதிக்கொண்டது:
கடைசியாகத் திருத்தியவர்
கருப்பண்ணன் தவசீலன், மாலை 5.52.

முழுப்பேர்.